மணிக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்: விமானி வேலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

இரண்டு விமான நிறுவனங்கள் உங்களைத் துணை விமானியாக எடுக்கத் தயாராக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் நிறுவனம் மணிக்கு 110 தருகிறது, இரண்டாவது 100 தருகிறது. எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, வெறும் எண்ணாகவே இருக்கட்டும். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் 110 பக்கம் சாய்வார்கள். கீழே ஒரு நான்கு நாள் பயணத்தை இரண்டு நிறுவனங்களின் விதிப்படியும் கணக்குப் போட்டிருக்கிறேன். அதில் 100 தரும் நிறுவனம்தான் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்த வித்தியாசம் முழுக்கப் பணி விதிகளில் ஒளிந்திருக்கிறது. சம்பளப் பட்டியல் ஓரிரு பக்கம்தான் இருக்கும், பணி விதிகள் பல நூறு பக்கம் போகும். பட்டியலைப் படித்துவிட்டு விதிகளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்கள் வருடக்கணக்கில் அதற்கு விலை கொடுக்கிறார்கள். அதைத் தவிர்க்க ஒரு முறை இருக்கிறது, அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: சரியான காகிதங்களைக் கையில் எடுங்கள்

ஆள் எடுப்பு விளம்பரத்தில் வரும் தொகையை ஓரமாக வையுங்கள். "வருடத்துக்கு இவ்வளவு வரை சம்பாதிக்கலாம்" என்ற வரியில் "வரை" என்ற சொல்லுக்குள் கூடுதல் நேரப் பணி, விடுமுறை நாளில் பறந்தது, ஒருமுறை மட்டும் கிடைக்கும் சேர்க்கை ஊக்கத்தொகை எல்லாம் அடங்கியிருக்கலாம்.

உங்களுக்குத் தேவை மூன்று. முதலாவது, விமானிகள் சங்கமும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தம். சங்கம் இல்லாத இடமென்றால் நியமன ஒப்பந்தமும் பணி நிபந்தனைக் கையேடும். இரண்டாவது, இப்போது நடப்பில் உள்ள சம்பளப் பட்டியல், அது எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது என்ற விவரத்தோடு. மூன்றாவது, அந்த நிறுவனத்தில் உங்கள் நிலையில், உங்களுக்குக் கிடைக்கப்போகும் பேஸில் (உங்கள் பணிப் பயணங்கள் தொடங்கி முடியும் ஊர்), உங்களுக்குத் தரப்போகும் விமான வகையில் பறக்கும் ஒரு துணை விமானியின் கடந்த மூன்று மாத ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை. பெயரை மறைத்துவிட்டு அனுப்பச் சொன்னால் பலர் அனுப்புவார்கள். மூன்றில் எனக்கு அதிக நம்பிக்கை இதன் மேல்தான். திட்டமிட்ட ரோஸ்டரும் உண்மையில் பறந்த ரோஸ்டரும் இரண்டுமே வேண்டும், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளிதான் அந்த நிறுவனத்தின் உண்மை முகம்.

ஒப்பந்தத்தின் தேதியையும் கவனியுங்கள். அமெரிக்காவில், விமானத் துறைக்கும் பொருந்தும் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் விமானிகளின் ஒப்பந்தம் காலாவதி ஆவதில்லை, ஒரு தேதிக்குப் பிறகு திருத்தத்துக்குத் திறந்துவிடும், அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும் வரை பழையதே ஓடும். டெல்டா நிறுவனத்தின் ஒப்பந்தம் 2019 முடிவில் திருத்தத்துக்கு வந்தது. புதிய ஒப்பந்தத்துக்கு விமானிகள் ஒப்புதல் அளித்தது 2023 மார்ச்சில். நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீத உயர்வு என்பது அதன் சாரம். 2022-ல் இருந்துகொண்டு அந்த நிறுவனத்தையும் வேறொன்றையும் ஒப்பிட்டவர், விரைவில் மாறப்போகும் எண்ணை வைத்து ஒப்பிட்டிருப்பார். ஒரு நிறுவனத்தின் சம்பளம் குறைவாகத் தெரிந்தால், பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 2: எதற்குச் சம்பளம் என்று பாருங்கள்

உலகெங்கும் இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, மணிக் கணக்கு. மற்றது, மாத அடிப்படைச் சம்பளத்தோடு பறக்கும் மணிக்கோ சுற்றுக்கோ படி சேர்ப்பது.

மணிக் கணக்கில் மணி என்பது பொதுவாக பிளாக் ஹவர். பறப்பதற்காக விமானம் தன் இடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கிய நிலையத்தில் போய் நிற்கும் வரை உள்ள நேரம். அதற்கு முன்னால் நீங்கள் வந்து கையெழுத்திட்டு, வானிலையும் பறப்புத் திட்டமும் பார்த்து, எரிபொருள் முடிவு செய்து, விமானத்தைச் சுற்றி வந்து சரிபார்த்த நேரத்துக்குக் காசு இல்லை. இரண்டு விமானங்களுக்கு நடுவே நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதற்கும் இல்லை. வண்டி ஓடும்போது மட்டும் மீட்டர் ஓடி, காத்திருப்புக் கட்டணமே இல்லாத வாடகைக் கார் மாதிரி. காத்திருப்புக்கும் ஏதாவது கிடைக்க வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் அதற்குத் தனியாக விதி இருக்க வேண்டும். அதை நான்காம் படியில் விரிவாகப் பார்ப்போம்.

அடிப்படைச் சம்பளமும் படியும் சேர்ந்த முறையில் வேறொரு கண்ணி இருக்கிறது. மொத்தத் தொகை ஒன்றாகவே இருந்தாலும், அடிப்படை குறைவாகவும் படி அதிகமாகவும் வைத்திருக்கும் நிறுவனத்தில் நீங்கள் தரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். உடல்நலமில்லாமல் போகலாம், மருத்துவச் சான்று தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படலாம், சிமுலேட்டர் பயிற்சி வரலாம், விமானங்கள் பராமரிப்புக்குப் போகலாம். ஓய்வூதியப் பங்களிப்பும் பணிக்கொடையும் பெரும்பாலும் அடிப்படையின் மேல்தான் கணக்கிடப்படும். 2020-ல் உலகமே பறப்பதை நிறுத்தியபோது முதலில் மறைந்தது பறக்கும் படிதான். ஆகவே இந்த வகை நிறுவனத்தை ஒப்பிடும்போது இரண்டு தொகைகளை எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரம்கூடப் பறக்காத மாதத்தில் என்ன கிடைக்கும், வழக்கமான மாதத்தில் என்ன கிடைக்கும்.

ஏஜென்சி வழியாக ஒப்பந்த விமானியாக எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே மணிக்குத் தரும் தொகை கண்ணைப் பறிக்கும். நோய் விடுப்பு, ஓய்வூதியம், காப்பீடு, வரி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்தத் தொகையிலிருந்து கழித்துவிட்டுத்தான் மற்றவற்றோடு ஒப்பிட வேண்டும்.

படி 3: குறைந்தபட்ச உத்தரவாத மணி

நிறுவனம் உங்களைப் பறக்க வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்பதுதான் உத்தரவாதம். அமெரிக்க நிறுவனங்களில் இது 70, 75 மணி என்ற அளவில் இருப்பது வழக்கம். நம் இரண்டு நிறுவனங்களில் முதலாவது 65 மணி, இரண்டாவது 75 மணி உத்தரவாதம் தருவதாகக் கொள்வோம். வேலை மந்தமான மாதத்தில் முதல் நிறுவனம் 65 பெருக்கல் 110, அதாவது 7,150 தரும். இரண்டாவது 7,500 தரும். மணிக்குப் பத்து கூடுதல் என்ற கவர்ச்சி இங்கேயே கரைந்துவிட்டது.

உத்தரவாதத்தின் அடியில் வரும் நிபந்தனைகளையும் படியுங்கள். ஒரு பயணத்தை நீங்களே விட்டுக்கொடுத்தால் உத்தரவாதம் எவ்வளவு குறையும்? மாத நடுவில் சேர்ந்தால்? பயிற்சிக் காலத்தில் உத்தரவாதம் உண்டா, அல்லது அதற்கென்று தனியாகக் குறைந்த தொகையா? புதியவர்கள் முதல் சில மாதங்களை வகுப்பறையிலும் சிமுலேட்டரிலும்தான் கழிப்பார்கள் என்பதால் கடைசிக் கேள்வி உங்களுக்கு உடனடியாகப் பொருந்தும்.

படி 4: நான்கு நாள் பயணத்தைக் கணக்குப் போடுங்கள்

மற்ற எதற்கும் நேரமில்லை என்றாலும் இந்தப் படியைத் தவறவிடாதீர்கள்.

பயணம் இப்படி. முதல் நாள் காலை 6 மணிக்குப் பணிக்கு வருகிறீர்கள். அன்று இரண்டு விமானங்கள், பிளாக் நேரம் 4 மணி 30 நிமிடம். இரண்டாம் நாள் ஒரே ஒரு சின்ன விமானம், 1 மணி 40 நிமிடம், மீதி நேரம் முழுக்க ஹோட்டல் அறை. மூன்றாம் நாள் வேறு ஊரில் விமானத்தை எடுக்க வேண்டும் என்பதால் பயணி இருக்கையில் 2 மணி 30 நிமிடம் டெட்ஹெட், பிறகு நீங்கள் ஓட்டும் விமானம் 3 மணி. நான்காம் நாள் 5 மணி 20 நிமிடம் பறந்து, மாலை 6 மணிக்குப் பணி முடிகிறது. நீங்கள் ஓட்டிய பிளாக் நேரம் மொத்தம் 14 மணி 30 நிமிடம். பேஸை விட்டு வெளியே இருந்தது 84 மணி நேரம்.

முதல் நிறுவனம் பிளாக் நேரத்துக்கு மட்டும் தருகிறது, டெட்ஹெட்டுக்குப் பாதி. ஆக 14 மணி 30 நிமிடத்தோடு 1 மணி 15 நிமிடம் சேர்த்து 15 மணி 45 நிமிடம். அதை 110-ஆல் பெருக்கினால் 1,732 சொச்சம்.

இரண்டாவது நிறுவனத்தில் மூன்று விதிகள் உண்டு. டெட்ஹெட்டுக்கு முழு மணி. பணி நாள் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 5 மணி. மூன்றாவதாக டிரிப் ரிக்: பேஸை விட்டு வெளியே இருக்கும் ஒவ்வொரு மூன்றரை மணி நேரத்துக்கும் ஒரு மணிச் சம்பளம். இவற்றில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். நாள் கணக்கில் போட்டால் முதல் நாள் 5, இரண்டாம் நாள் 5, மூன்றாம் நாள் 5 மணி 30 நிமிடம், நான்காம் நாள் 5 மணி 20 நிமிடம், மொத்தம் 20 மணி 50 நிமிடம். டிரிப் ரிக்கில் போட்டால் 84-ஐ மூன்றரையால் வகுத்து 24 மணி. 24 அதிகம் என்பதால் அதுவே சம்பளம்: 2,400.

அதே விமானம், அதே ஹோட்டல், அதே நான்கு நாள். ஒரு பக்கம் 1,732, மறு பக்கம் 2,400.

இந்த விதிகளால் கிடைக்கும் காசைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. சும்மா உட்கார வைக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தால், நிறுவனத்தின் அட்டவணைப் பிரிவு உங்களைச் சும்மா உட்கார வைக்காது. இரண்டாம் நாளில் ஒரே ஒரு சின்ன விமானம் போட்டுவிட்டு ஹோட்டலில் அடைத்து வைக்கும் பயணங்கள் தானாகக் குறையும். நான்கு நாள் வேலை மூன்று நாளில் முடிந்து, ஓர் இரவு கூடுதலாக வீட்டில் தூங்குவீர்கள். இந்த விதிகள் இல்லாத இடத்தில் உங்கள் காத்திருப்பு நிறுவனத்துக்கு இலவசம், இலவசமானதைச் சிக்கனமாகச் செலவழிக்க யாருக்கும் தூண்டுதல் கிடையாது.

ரிக் விதியைப் படிக்கும்போது விகிதத்தை மட்டும் பார்க்காமல் அது எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்றும் பாருங்கள். பணி நேரத்தின் மேலா, பேஸை விட்டு வெளியே இருந்த மொத்த நேரத்தின் மேலா? நாள் குறைந்தபட்சம் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியா, பயணம் முழுக்கச் சராசரியா? சராசரி என்றால் பறப்பு அதிகமான நாள் குறைவான நாளை விழுங்கிவிடும். விமானம் வானிலையால் ரத்தானால் அந்த மணி உங்களுக்கு உண்டா என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சில இடங்களில் ரத்தான பயணத்தின் மணி காக்கப்படும், ஆனால் மாற்றுப் பணிக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். சில இடங்களில் ரத்து என்றால் சம்பளமும் ரத்து.

வெளியூர்ப் படி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்யும். வரி உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 5: சட்டம் எங்கே முடிகிறது, ஒப்பந்தம் எங்கே தொடங்குகிறது

பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் ஒவ்வொரு நாட்டு ஒழுங்குமுறை அமைப்பும் எல்லை வகுத்திருக்கிறது. அமெரிக்காவில் எஃப்ஏஏ விதிகளின் பகுதி 117, 2014 ஜனவரி 4 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி இரண்டு விமானிகள் மட்டும் ஓட்டும் விமானத்தில் பறப்பு நேரம் பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து 8 அல்லது 9 மணி, பறப்புப் பணிக் காலம் 9 முதல் 14 மணி, பணிக்கு முன் 10 மணி ஓய்வு, அதில் இடையூறில்லாமல் 8 மணி தூங்க வாய்ப்பு. ஐரோப்பாவில் ஈஸா விதிப்படி பேஸில் ஓய்வு குறைந்தது 12 மணி அல்லது முந்தைய பணியின் நீளம், இரண்டில் எது பெரிதோ அது. வெளியூரில் குறைந்தது 10 மணி. 28 நாளில் 100 பறப்பு மணி என்ற உச்சவரம்பு இரண்டிலும் உண்டு. ஆண்டுக் கணக்கில் ஈஸா ஒரு காலண்டர் ஆண்டுக்கு 900 மணி என்கிறது, அமெரிக்க விதி 365 நாளுக்கு 1,000 மணி என்கிறது. இந்தியாவின் டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்திய விதி வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தியது. அது 2025-ல் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது.

இந்த எண்கள் ரத்தத்தில் எழுதப்பட்டவை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் (இறக்கைகள் தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கைக்கு கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விஷயம் எந்த விமானியின் மனதையும் விட்டுப் போகாது: துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து நெவார்க்கில் இருந்த தன் பேஸுக்கு விமானத்தில் வந்து சேர்ந்திருந்தார், கேப்டன் விமானிகள் அறையில் இரவைக் கழித்திருந்தார். சம்பளமும் பேஸும் தூக்கமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலையை ஒப்பிடும்போது இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

சட்டம் அடித்தளம் மட்டும்தான். நல்ல ஒப்பந்தம் அதற்கு மேலே நிற்கும்: சட்டம் 10 மணி ஓய்வு என்றால் ஒப்பந்தம் 11 அல்லது 12 என்று சொல்லும், அதிகாலைப் பணி அடுத்தடுத்து இத்தனை நாளுக்கு மேல் கூடாது என்று சொல்லும், ஓய்வு ஹோட்டல் அறைக் கதவிலிருந்து தொடங்குகிறதா, விமானக் கதவிலிருந்தா என்று தெளிவாகச் சொல்லும். ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, இடப்பக்கம் சட்ட எல்லை, வலப்பக்கம் ஒப்பந்த எல்லை என்று எழுதிப் பாருங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த நிறுவனம் சட்டத்தின் விளிம்பில் ஓடுகிறது. கையில் இருக்கும் ரோஸ்டர் அதை உறுதி செய்யும்.

சரக்கு விமான நிறுவனத்தையும் பயணிகள் நிறுவனத்தையும் ஒப்பிடுகிறீர்களா? அமெரிக்காவில் பகுதி 117 சரக்கு விமானங்களுக்குக் கட்டாயமில்லை, அங்கே பழைய விதிகள்தான். அதனால் சரக்குத் துறையில் ஒப்பந்தத்தின் எடை இன்னும் கூடுதல்.

இதோடு ஒரு கேள்வி: ஒரு விமானத்துக்கு எத்தனை விமானிகள் வைத்திருக்கிறார்கள்? 2025 டிசம்பர் தொடக்கத்தில் இந்தியாவில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய வேண்டி வந்தது. புதிய ஓய்வு விதிக்கேற்ப விமானிகளைத் திட்டமிடாதது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது, டிஜிசிஏ தற்காலிக விலக்கும் தர நேர்ந்தது. ஆள் பற்றாக்குறையான நிறுவனத்தில் காகிதத்தில் எவ்வளவு நல்ல விதி இருந்தாலும் விடுமுறை நாளில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கும்.

படி 6: ஸ்டாண்ட்பை

நீங்கள் புதியவர். பட்டியலின் அடியில் இருப்பீர்கள். சேர்ந்த வரிசைப்படி முன்னுரிமை தரும் சீனியாரிட்டி முறை உள்ள இடங்களில் முதல் மாதங்களும், சில பேஸ்களில் முதல் சில ஆண்டுகளும் ஸ்டாண்ட்பையில், அதாவது அழைத்தால் பறக்கத் தயாராகக் காத்திருக்கும் பணியில்தான் போகும். ஒப்பந்தத்தின் மற்ற அத்தியாயங்களைவிட இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்.

அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வந்து நிற்க வேண்டும்? இரண்டு மணி நேரம் என்றால் பேஸ் ஊரிலேயே வீடோ அறையோ வேண்டும், அந்த வாடகையைச் சம்பளத்திலிருந்து கழியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் என்றால் வேறு ஊரிலிருந்துகூடச் சமாளிக்கலாம். மாதத்துக்கு எத்தனை விடுமுறை நாள்? வழக்கமான ரோஸ்டர் வைத்திருப்பவருக்கும் ஸ்டாண்ட்பைகாரருக்கும் ஒரே எண்ணிக்கையா? உத்தரவாத மணிக்கு மேல் பறந்தால் கூடுதல் கிடைக்குமா? விமான நிலையத்திலேயே உட்கார்ந்து காத்திருக்கும் ஸ்டாண்ட்பை எத்தனை மணி, அதற்குத் தனிச் சம்பளம் உண்டா? காலை ஸ்டாண்ட்பையை முந்தைய நாள் இரவு ஸ்டாண்ட்பையாக மாற்ற அட்டவணைப் பிரிவுக்கு அதிகாரம் உண்டா? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். தூக்கத்தைக் காலைக்கேற்பப் பழக்கிக்கொண்டவரைத் திடீரென்று நள்ளிரவு விமானத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

படி 7: பேஸ், ரோஸ்டர், விடுமுறை

பேஸ் எது, அதை மாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று கேளுங்கள். வீட்டிலிருந்து பேஸுக்கு விமானத்தில் வந்து போக நினைத்தால், மாதத்துக்கு எத்தனை பயணம் என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு நாள் போகும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். மாதம் 14 நாள் விடுமுறை என்று சொல்லும் நிறுவனத்தில் உங்கள் கைக்கு வருவது எட்டோ ஒன்பதோதான்.

வெளியிட்ட ரோஸ்டரை நிறுவனம் எந்த அளவுக்கு மாற்றலாம் என்பது அடுத்தது. விடுமுறை நாளில் கட்டாயமாக அழைக்கலாமா? அழைத்தால் ஒன்றரை மடங்கா, இரு மடங்கா, அல்லது வேறொரு நாளை ஈடாகத் தந்துவிட்டுப் போய்விடுவார்களா?

ஆண்டு விடுப்பை நாள் எண்ணிக்கையில் மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு விடுப்பு நாளுக்கு எத்தனை மணிச் சம்பளம் என்று பாருங்கள். இரண்டு நிறுவனங்களும் 28 நாள் தந்தாலும், ஒன்று நாளுக்கு 3 மணி, மற்றது 4 மணி என்றால் வருடத்தில் 28 மணி வித்தியாசம், ஒரு வாரத்துக்கும் மேலான பறப்புச் சம்பளம்.

படி 8: கேப்டன் ஆவது எப்போது

வாழ்நாள் வருமானத்தைத் தீர்மானிப்பது இதுதான். துணை விமானிக்கு 100, கேப்டனுக்கு 180, வருடத்துக்கு 900 மணிச் சம்பளம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மூன்றாம் ஆண்டு முடிவில் கேப்டன், மற்ற இடத்தில் எட்டாம் ஆண்டு முடிவில். ஐந்து ஆண்டு, மணிக்கு 80 வித்தியாசம்: 3,60,000. துணை விமானியின் நான்கு ஆண்டு முழுச் சம்பளம் அது. தொடக்கத்தில் மணிக்குப் பத்து அதிகமா குறைவா என்ற பேச்சு இதன் முன்னால் நிற்காது.

ஆள் எடுப்பவர் சொல்லும் காலத்தை அப்படியே நம்ப வேண்டாம். கடைசியாகக் கேப்டன் ஆனவர் எந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர் என்று கேளுங்கள், அவர் எந்தப் பேஸில், எந்த விமான வகையில் கேப்டன் ஆனார் என்றும் கேளுங்கள். யாரும் போக விரும்பாத பேஸில் மட்டும் சீக்கிரம் கிடைக்கலாம். அடுத்த பத்தாண்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த கணக்கு, ஏனென்றால் சர்வதேச விமானச் சேவையில் வயது வரம்பு 65. வாங்க இருக்கும் விமானங்கள் பழையவற்றுக்குப் பதிலா, கூடுதலா என்பதும் தெரிய வேண்டும். பதில் என்றால் புதிய கேப்டன் இருக்கைகள் உருவாகாது.

சீனியாரிட்டி எண் உங்களோடு வேறு நிறுவனத்துக்கு வராது. மாறினால் அங்கே கடைசி ஆள். ஆள் குறைப்பு வந்தால் கடைசியில் வந்தவர் முதலில் வெளியே. இணைப்பு வந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2001-ல் டிடபிள்யூஏவை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது அதன் விமானிகள் பலர் பட்டியலின் அடியில் ஒட்டவைக்கப்பட்டார்கள், பலர் பிறகு வேலையும் இழந்தார்கள். அந்த வேதனைக்குப் பிறகுதான் 2007-ல், இரண்டு பட்டியல்களை நியாயமாக இணைக்க வேண்டும் என்று மக்காஸ்கில்-பாண்ட் சட்டம் அமெரிக்காவில் வந்தது. 2005-ல் இணைந்த யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் விமானிகளின் பட்டியல் தகராறு பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் இழுத்தது. நிறுவனம் ஒன்றாகிவிட்ட பிறகும் இரு தரப்பும் தனித்தனியாகவே பறந்தார்கள்.

படி 9: பாண்டும் பாதுகாப்பும்

டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதிக்கான பயிற்சியின் செலவை யார் ஏற்கிறார்கள்? நிறுவனம் என்றால் பாண்ட் (இடையில் விலகினால் அந்தச் செலவைத் திருப்பித் தருவதாக நீங்கள் எழுதித் தரும் பத்திரம்) எத்தனை ஆண்டு? மாதா மாதம் குறைகிறதா, அல்லது கடைசி நாள் வரை முழுத் தொகையா? காலம் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறதா, லைன் ரிலீஸ் ஆன, அதாவது பயிற்சி முடிந்து வழக்கமான பறப்புக்கு விடப்பட்ட நாளிலிருந்தா? நிறுவனமே உங்களை ஆள் குறைப்பில் அனுப்பினால் பாண்ட் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத பாண்டில் கையெழுத்துப் போடாதீர்கள். "அப்படியெல்லாம் நடக்காது" என்ற வாய்மொழி போதாது.

உரிமம் இழப்புக் காப்பீடு புதியவர்கள் கேட்கவே மறக்கும் விஷயம். நம் தொழிலில் ஒரு ஈசிஜி அறிக்கை வருமானத்தை அன்றே நிறுத்திவிட முடியும். எத்தனை மாதச் சம்பளம் வரை காப்பு, தற்காலிக இழப்புக்கும் உண்டா, நிறுவனம் தரும் காப்பீடு எத்தனை வயதில் முடிகிறது என்று பாருங்கள். நோய் விடுப்பு எடுத்தால் வருகை ஊக்கத்தொகை வெட்டப்படும் என்ற விதி இருந்தால், அதை நான் பாதுகாப்புக் குறையாகவே கருதுகிறேன். காய்ச்சலோடு ஒருவர் விமானம் ஓட்ட வருவதற்கு அந்த விதி காசு கொடுக்கிறது.

படி 10: மூன்று மாதங்களை எழுதி ஒப்பிடுங்கள்

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மூன்று மாதங்களைத் தயார் செய்யுங்கள்: ஸ்டாண்ட்பையில் பாதி நாள் யாரும் அழைக்காத மந்தமான மாதம், உங்கள் கையில் உள்ள உண்மையான ரோஸ்டர்படி ஒரு வழக்கமான மாதம், பத்து நாள் உடல்நலமில்லாமல் போன மாதம். ஒவ்வொன்றிலும் வரிக்குப் பிந்தைய தொகையையும், வீட்டில் தூங்கிய இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு தொகையை வீட்டை விட்டு வெளியே இருந்த நாட்களால் வகுங்கள். நம் நான்கு நாள் பயணத்தில் முதல் நிறுவனம் நாளுக்கு 433 தந்தது, இரண்டாவது 600 தந்தது. என் பார்வையில் ஒப்பிடத் தகுந்த எண் இதுதான். இதன் கீழே கேப்டன் ஆகும் ஆண்டு, பாண்ட் தொகை, ஓய்வூதியப் பங்களிப்பு மூன்றையும் குறித்தால் ஒரே தாளில் எல்லாம் அடங்கிவிடும்.

முடிவு செய்த பிறகு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. சீனியாரிட்டி முறை உள்ள நிறுவனமென்றால், கிடைக்கும் முதல் பயிற்சி வகுப்பிலேயே சேர்ந்துவிடுங்கள். ஒரு மாதம் தள்ளிச் சேர்ந்தால் அந்த இடைவெளியில் சேர்ந்த அத்தனை பேரும் ஓய்வு பெறும் நாள் வரை உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். ஒரே வகுப்பில் சேர்ந்தவர்களுக்குள் வரிசையை வயதை வைத்துத் தீர்மானிக்கிறார்களா, குலுக்கல் போடுகிறார்களா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, வேலை அழைப்புக்குப் பதில் எழுதும்போதே சேரும் தேதியை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.